மேற்படி மெஷின்காரர்

ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரோரம் நிறுத்தி, வயரைச் சொருகி, சோதனைக்கு ஒரு தாள் எடுத்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிக்கூடமாக இருந்தால் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதில் கொஞ்சம் தாமதமாகும். ஆஸ்பத்திரியாக இருந்தால் பிளக் பாயிண்ட்டைத் தேடுவதில் கொஞ்சம் தாமதமாகும். எப்படி இழுத்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. மெஷின்காரர் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். அந்தத் தைரியத்தில்தான் காலையில் மனைவியிடம், "மதியம் சாப்பாட்டுக்கே வந்துடுவேன். சாயங்காலம் கடை திறக்கும்போது முதல் ஆளா நான்தான் நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். போகிற இடம் வக்கீல் ஆபீஸ் என்பதை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவி மனுஷன்.

கடை என்றால் பெரிய கடை ஒன்றுமில்லை, தையல் கடை. கல்யாணமான நாளிலிருந்து சமையலறை ஜன்னலுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதாவது பொங்கினால் எழுந்து ஓடி, அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தவள் அவர் மனைவி. இப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒற்றை ஷட்டர் போட்ட சின்ன அறை ஒன்று கிடைத்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு. துணி கொடுக்கிற பெண்களை எல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தாள். மெஷின்காரரும் தம் பங்குக்கு ஷட்டர் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, பலமுறை பூட்டித் திறந்து பார்த்துத் திருப்தியோடு வந்திருந்தார். சாவியை எங்கே வைத்தார் என்பது பின்னால் வருகிறது.

வக்கீல் ஆபீஸ் மாடியில் இருந்தது. படியேறியதும் கண்ணில் பட்டது பழைய மெஷின். ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு அகலம். அதன் கால்களில் ஒன்று உடைந்து போயிருந்ததால் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். "இந்த ஆபீஸ்ல தினமும் உபயோகத்துல இருக்கற சட்டப் புத்தகம் அது ஒண்ணுதான்" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா. அவர் சிரிக்கவில்லை என்பதால் மெஷின்காரரும் சிரிக்காமல் நின்றார்.

"பையைக் குடுங்க. வெளியாள் பை உள்ள வந்தா பதியணும்."

குமாஸ்தா பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், திறக்க மட்டும் இல்லை. 'கறுப்பு நிறமாகத் தோன்றும் பை ஒன்று. உள்ளிருப்பவை பற்றி இந்த அலுவலகத்துக்கு எதுவும் தெரியாது' என்று எழுதினார்.

"திறந்து பாத்துட்டே எழுதலாமே சார்?"

"திறந்தா தெரிஞ்சுடுமே" என்றார் குமாஸ்தா, குழந்தைக்குச் சொல்வதுபோல. பையின் வெளி உறையில் செருகியிருந்த கத்தியும் திருப்புளியும் மட்டும் தற்காலிகமாக மெஷின்காரர் வசம் விடுவிக்கப்பட்டன. பை இரும்பு அலமாரிக்குள் போனது. வேலை முடிந்ததற்குச் சீட்டில் கையெழுத்து விழுந்தால் பை வெளியே வரும்.

புது மெஷின் கூடத்தின் நடுவில், பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. போன கோடையிலேயே வந்துவிட்டதாம். மேலே டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். ஒரு பக்கம் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். இத்தனை நாளாக ஏன் பிரிக்கவில்லை என்று மெஷின்காரர் கேட்டதும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அறை அறையாகக் கதவுகள் திறந்தன. கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தியபடி ஓர் அம்மாள் வந்தார். ஒப்பந்தங்களைப் பார்ப்பவர். ஆபீஸில் அவருக்குப் பெயரே நிபந்தனை அம்மா.

"பெட்டி மேல ஒரு பட்டை ஒட்டியிருக்கே, அதைப் படிங்க."

வாழ்நாளில் அப்படி ஆயிரம் பட்டைகளைக் கிழித்துப் போட்டவர் மெஷின்காரர். ஒன்றையும் படித்ததில்லை. குனிந்து எழுத்துக் கூட்டினார். "இப்பட்டையைப் பிரிப்பவர் உள்ளே வைக்கப்பட்டுள்ள நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டவர் ஆவார்."

"நிபந்தனைங்க எங்க இருக்கு?" என்று கேட்டார் அம்மாள்.

"உள்ளே."

"எப்படிப் படிக்கிறது?"

"பிரிச்சு."

"பிரிச்சா?"

மெஷின்காரர் திருதிருவென்று விழித்தார். "ஏத்துக்கிட்டதா ஆயிடும்."

"கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். நிபந்தனைகள் பெட்டிக்குள் இருக்கின்றன, பிரித்துப் பார்க்கவும்னு பதில் போட்டான். சாமர்த்தியசாலி. நாங்க யாருன்னு தெரியாம எழுதிட்டான்" என்றார் நிபந்தனை அம்மா. அவர் குரலில் அந்தச் சாமர்த்தியசாலியின் மேல் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

இந்த நேரத்தில் பெரிய ஐயா வந்தார். ஆபீஸை நிறுவியவரின் மகன். நடப்பதற்கு முன்பே தொண்டையைச் செருமி இடம் பிடிப்பவர். மெஷின்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவரிடமா சுவரிடமா என்று தெரியாதபடி பேசத் தொடங்கினார்.

"தம்பி, இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க எதையும் ஒப்புக்கிட்டதில்ல. எங்க அப்பா தன்னோட கல்யாணத்துலகூட சம்மதம்னு சொல்லல, ஆட்சேபணை இல்லைன்னுதான் சொன்னார். கட்சிக்காரங்க நம்மகிட்ட வர்றதே எங்கயோ எதையோ ஒப்புக்கிட்டு மாட்டிக்கிட்டதாலதான். நாமளும் ஒப்புக்கிட்டா நாம யார்கிட்ட போறது?"

அதற்கப்புறம் விவாதம் நடந்தது. பெட்டியை அடிப்பக்கமாகப் பிரித்தால் பட்டையைப் பிரித்ததாகுமா என்று ஒருவர் கேட்டார். எலி கடித்துப் பிரிந்தால் யார் ஒப்புக்கொண்டதாகும் என்று இன்னொருவர் கேட்டார். எலி சட்டப்படி ஆள் இல்லை என்று நிபந்தனை அம்மா மறுத்தார். எலியை வேண்டுமென்றே உள்ளே விட்டவர் ஆள்தானே என்று மடக்கினார்கள். மெஷின்காரர் கத்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தபடி நின்றார். கடைசியில் பெரிய ஐயா, "மதியத்துக்கு மேல வாய்தா" என்றார். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

குமாஸ்தா ஒரு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "இது சும்மா உபசாரம். இதை வெச்சு எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இருக்குன்னு பின்னால சொல்லக் கூடாது."

டீயை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, கடைச் சாவி எங்க? வீடு பூரா தலைகீழாக் கவுத்துட்டேன்."

மெஷின்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எண்ணெய் டப்பாவோடு சேர்த்துச் சாவியையும் பழக்க தோஷத்தில் வேலைப் பையில் போட்டது நினைவுக்கு வந்தது.

"எங்கிட்டதான் இருக்கு. நீ கவலைப்படாதே. நாலு மணிக்குள்ள சாவியோட வந்துடறேன்."

"வந்துடுவீங்கல்ல?"

"சத்தியமா வந்துடுவேன்."

எதிரில் இருந்த குமாஸ்தா 'சத்தியம்' என்ற சொல் காதில் விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். மெஷின்காரர் அலமாரியைக் காட்டிக் கெஞ்சினார். "சார், பையில ஒரே ஒரு சாவி. அதை மட்டும் எடுத்துக்கறேன். ஓடிப்போய்க் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"முடியாதே. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியாச்சு. இப்ப சாவியை எடுத்துக் குடுத்தா, சாவி இருக்கறது எங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். அப்புறம், இன்னும் என்னவெல்லாம் தெரியும்னு யாராவது கேப்பாங்க."

"யாரு சார் கேப்பாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா?"

அந்த 'கேட்டா' என்ற சொல்தான் அங்கே எல்லாக் கதவுக்கும் பூட்டு என்று மெஷின்காரருக்கு மெல்ல உறைத்தது. பையை விட்டுவிட்டுப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சாவி இல்லாமல் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வேலை முடிந்தால் கையெழுத்து, கையெழுத்து விழுந்தால் பை. வேறு வழியில்லை. அவர்கள் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு மறுபடி வந்து எலியிடமிருந்து தொடங்கியபோது, மெஷின்காரர் பொறுமை இழந்து பட்டையைக் கத்தியால் ஒரே இழுப்பாக இழுத்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்து நின்றவர், திட்டு வராததால் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. பல்வலிக்காரனுக்குப் பல் தானாக விழுந்துவிட்டதுபோல ஒரு நிம்மதி.

"நாங்க யாரும் சொல்லலையே?" என்று பெரிய ஐயா கேட்டார்.

"சொல்லல" என்றார்கள் எல்லோரும்.

"வெளியாள் தன் இஷ்டப்படி பிரிச்சார். குறிச்சுக்கோங்க. மேற்படி மெஷின்காரர் என்று போடுங்க."

அது முதல் அவர் மேற்படி மெஷின்காரர் ஆனார். "மேற்படியாருக்கு ஒரு நாற்காலி போடு" என்று யாரோ சொன்னார்கள். அதில் என்ன மரியாதைக்குறைவு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் குறைந்துபோனது என்னவோ தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. மெஷினை வெளியே எடுத்தார், தெர்மகோலை உருவினார், பழையதை ஒதுக்கிப் புதியதைச் சுவரோரம் நிறுத்தினார். முட்டுக்கொடுத்த சட்டப் புத்தகத்தை எடுத்தபோது குமாஸ்தா மட்டும் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தார். நடுவில் ஒரு சச்சரவு வந்தது. பழைய மெஷினில் எடுத்த தாள்களில் எல்லாம் வலது ஓரம் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு இல்லாத தாள் இந்த ஆபீஸ் தாளே இல்லை, போலி என்று எதிர்த்தரப்பு சொன்னால்? புது மெஷினும் கோடு போடுமா?

"போடாது சார். புது மெஷின் இல்லையா, சுத்தமா வரும்."

"சுத்தமா வந்தா எப்படி நம்புவாங்க?" என்று பெரிய ஐயா கவலைப்பட்டார். ஆளுக்கொரு ஸ்கேலும் கறுப்புப் பேனாவும் வாங்குவதென்று முடிவாயிற்று.

ஒருவழியாக வயரைச் சொருகி மெஷினை உயிர்ப்பித்தார். திரையில் சின்னச் சின்ன எழுத்தாக ஏதேதோ ஓடி நின்றது. அடியில் ஒரு பச்சைப் பொத்தான், 'ஒப்புக்கொள்கிறேன்.' நிபந்தனை அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வருவதற்குள், ஆயிரம் ஆபீஸ்களில் அழுத்திப் பழகிய கட்டைவிரல் தானாகவே போய் அழுத்திவிட்டது. மெஷின் ஒரு மணியோசை எழுப்பியது. அவர் வேலை முடிந்த திருப்தியில் சீட்டை நீட்டினார்.

சீட்டை யாரும் வாங்கவில்லை. நிபந்தனை அம்மா பெட்டிக்குள்ளிருந்து எடுத்த புத்தகத்தைப் புரட்டி, தேன் நக்குவதுபோல ஒவ்வொரு ஷரத்தாக வாசித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"கேளுங்க. 'ஒப்புதல் அளிப்பவரே பயனாளர் ஆவார். பயனாளர் தவிர வேறு எவரும் இவ்வியந்திரத்தை இயக்குதல் கூடாது. பயனாளர் தமது உரிமையைப் பிறருக்கு மாற்றித் தரவும் கூடாது.'" புத்தகத்தை மூடிவிட்டு மெஷின்காரரைப் பார்த்தார். "இதுல தாள் எடுக்கற உரிமை உலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. வாழ்த்துக்கள்."

"அம்மா, நான் அதைப் படிக்கவே இல்ல. எல்லா இடத்துலயும் நான்தான் அழுத்துவேன். அழுத்திட்டுப் போயிட்டே இருப்பேன்."

"எல்லா இடத்துலயுமா?" நிபந்தனை அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்போ ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் உங்க பொறுப்பா?"

"படிக்காம அழுத்திட்டேன்மா. தப்புதான். விட்டுடுங்க."

பெரிய ஐயா அவர் தோளில் கை போட்டார். அன்று அவர் சொன்னதிலேயே மனசிலிருந்து வந்த வார்த்தை அதுதான். "தம்பி, எதுக்கு வருத்தப்படறே? படிக்காம ஒப்புக்கிட்டவங்களாலதான் இந்த ஆபீஸே ஓடுது."

ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. மெஷின்காரர் எடுக்கப் பயந்து எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே பேச்சுச் சத்தம். வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

"எங்க இருக்கீங்க? அஞ்சு தாண்டியாச்சு. எல்லாரும் தெருவுல நிக்கறாங்க. எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

"இன்னும் கொஞ்ச நேரம்மா. ஒரு கையெழுத்துதான் பாக்கி…"

பக்கத்தில் அவளுடைய அக்காவின் குரல் கேட்டது. "அந்தக் கல்லை எடுடி இப்படி." அப்புறம் ணங் என்று ஒரு சத்தம், இன்னொரு ணங், ஏதோ தரையில் விழுந்து உருண்டது. தொடர்ந்து அவர் எண்ணெய் விட்ட ஷட்டர் வழுக்கிக்கொண்டு மேலே போகிற ஓசை. எல்லோரும் கைதட்டினார்கள். போன் அணைந்தது.

மெஷின்காரருக்கு அழுகை முட்டியது. அந்த ஓசையைப் பக்கத்தில் நின்று கேட்கத்தானே அவ்வளவு ஆசைப்பட்டார்? சாவியைத் தன்னிடம் வாங்கி அவள் குனிந்து திறப்பாள், தான் ஷட்டரைத் தூக்கிவிடலாம் என்று மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆபீஸே அவரைச் சுற்றி நின்றது. போன் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

"பூட்டு யார் வாங்கினது?" என்று பெரிய ஐயா மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் சார்."

"சாவி?"

"எங்கிட்ட… உங்க அலமாரியில."

"சாவி உங்ககிட்ட இருக்கும்போது, உங்க பூட்டை, உங்க அனுமதி இல்லாம, கூட்டமாச் சேர்ந்து, கல்லால." பெரிய ஐயா கண்ணை மூடித் திறந்தார். "நல்ல கேஸ்."

மெஷின்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சார், அது என் பொண்டாட்டி."

"அது அவங்க சொல்லிக்க வேண்டிய வாதம்" என்றார் நிபந்தனை அம்மா.

வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, கேஸ் வேண்டாம், சோதனைக்கு ஒரு தாள் எடுத்துக் காட்ட வேண்டுமே, அதற்கு வெறும் தாளை வீணாக்குவானேன் என்றார்கள். மளமளவென்று நோட்டீஸ் தயாரானது. 'எங்கள் கட்சிக்காரரான மேற்படி மெஷின்காரரின் மனைவி எனச் சொல்லப்படுபவருக்கு' என்று ஆரம்பித்தது. அழுத்துகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான். அழுத்தாமல் சோதனை முடியாது. சோதனை முடியாமல் கையெழுத்து இல்லை. பை இல்லை. அனுப்ப மாட்டீர்களே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அனுப்புவோம்னு நாங்க சொல்லவே இல்லையே" என்றார்கள். அழுத்தினார். தாள் பளிச்சென்று வந்தது. குமாஸ்தா ஸ்கேலை வைத்து வலது ஓரம் ஒரு கோடு இழுத்துக் கோப்பில் வைத்தார்.

"இப்ப கையெழுத்துப் போடுங்க சார்" என்று மெஷின்காரர் சீட்டை நீட்டினார்.

பெரிய ஐயா சீட்டை வாங்கி வாசித்தார். "'இயந்திரத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். கையொப்பம், பயனாளர்.' பயனாளர் நீங்கதானே தம்பி? நான் எப்படிப் போடறது?" பேனாவை அவர் கையிலேயே கொடுத்தார். "போடுங்க. போட்டுட்டுப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. உங்களை யாரும் பிடிச்சு வெச்சுக்கல."

மெஷின்காரர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒரு கிறுக்குக் கிறுக்கினால் போதும், தெருவில் இறங்கி ஓடலாம். விளக்கு எரிகிற கடையைப் போய்ப் பார்க்கலாம், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். பேனாவைத் தாளில் ஊன்றினார். அவர் கண், வாழ்நாளில் முதல் தடவையாக, அந்தச் சீட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். பொருத்தியதும் நான், பெற்றுக்கொண்டதும் நான். நாளைக்கு மெஷின் கெட்டுப்போனால்? யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டா?

"சார்" என்றார். "நல்ல நிலைன்னா என்ன அர்த்தம்?"

நிபந்தனை அம்மாவின் கண் கலங்கியதுபோல இருந்தது. குமாஸ்தா நாற்காலியைத் தம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் துடைத்தும் விட்டார். மெஷின்காரர் உட்கார்ந்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

போன் மறுபடி அடித்தது. இப்போது பேச்சுச் சத்தம் இல்லை. வந்தவர்கள் போய்விட்டிருக்க வேண்டும். அவள் குரலில் கோபமும் அடங்கிப்போயிருந்தது.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சேன், அது அப்படியே கெடக்கு. எப்ப வர்றீங்க?"

இதோ வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரில் பெரிய ஐயா, நிபந்தனை அம்மா, குமாஸ்தா எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரமாட்டேன்னு நான் சொல்லல" என்றார். "ஆனா, வருவேன்னு நான் ஒப்புக்கிட்டதா இதை எடுத்துக்கக் கூடாது."



"யாருங்க பேசறது?" என்று அவள் கேட்டாள். "போனை என் வீட்டுக்காரர்கிட்ட குடுங்க."

மெஷின்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.